அர்த்தநாரி கொண்டுவந்த குட்டி

1

இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. போன மாதம் எங்கள் பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், நஞ்சம்மாள் இதைச் சிரிப்புக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நூல் மூட்டை வந்துவிட்டதா என்று பார்க்கப் போன நான் நின்று கேட்டேன்.

"அந்தக் காலத்துல அர்த்தநாரின்னு ஒரு நிட்டிங் மாஸ்டருங்க. துணியில ஒரு கண்ணி உட்டுப்போயிருந்தாலும் பத்தடி தள்ளி நின்னே சொல்லிப்போடுவாராமா. அவரைப் போயி, சாமிக்கு வெட்டறதுக்கு ஒரு வெள்ளை மயிர்கூட இல்லாத கருங்கிடாய் வாங்கியான்னு மொதலாளி அனுப்பியிருக்கறாரு. மனுசன் சந்தையில குத்தவெச்சு மயிர் மயிரா வெலக்கிப் பாத்து வாங்கியாந்தாருங்க. கருப்புன்னா அப்படியொரு கருப்பு. ஆனா கொண்டாந்தது வெள்ளாடு இல்லீங்க, செம்மறி!"

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். (முதலாளி வீட்டம்மா உம்மென்று நின்றால் அவர்களுக்குச் சங்கடம்.) நஞ்சம்மாள் அதோடு விடவில்லை.

"இன்னொரு கூத்து கேளுங்க. அங்க கல்யாணப் பொண்ணு ஒருத்தி இருந்தாளாமா. காட்டுல ஆடு மேச்சு வளந்தவ. அவளைக் கேட்டா, அவளும் வெள்ளாடுதான்னு சொல்லிப்போட்டாளாமா!"

அந்தக் கல்யாணப் பெண் நான்தான். சாமியாத்தாள் என்ற என் பெயர் கதையிலிருந்து எப்போதோ உதிர்ந்துவிட்டது. பதின்மூன்று வருடம் ஆகிறது. அர்த்தநாரியின் பெயர் மட்டும் ஒவ்வொரு கம்பெனியாகச் சிரிப்போடு சுற்றிக்கொண்டிருக்கிறது.

அவர் முட்டாள் இல்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்த பிறகுதான் தெரிந்தது, எனக்கே அது உறுதியாகத் தெரியாது என்று. அவர் கொண்டுவந்தது செம்மறி என்று அவருக்குத் தெரியுமா, தெரியாதா? பதின்மூன்று வருடமாக எனக்குத் தெரிய வேண்டியது இது ஒன்றுதான். உங்களுக்கு இது ஆட்டு விவகாரமாகத் தோன்றலாம். கொஞ்சம் பொறுங்கள்.

2

முதல் தொடக்கம்:

"1963ஆம் வருடம் நெருப்பெரிச்சல் கிராமத்தில் எங்கள் காட்டை* ஒட்டிச் செங்கோட்டையன் என்பவர் ஒரு ஷெட் போட்டு, நான்கு நிட்டிங் மிஷின்களை இறக்கி" —

பஞ்சாயத்து ஆபீஸ் அறிக்கை மாதிரி இருக்கிறது. விட்டுவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்:

"கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு இளைஞன். இந்தப் பக்கம் ஒரு" —

இதையும் அடித்தேன். பத்திரிகையில் படம் போடுகிறவருக்கு இது வசதி, வேறு ஒன்றுக்கும் ஆகாது. அதோடு, 'இளைஞன்' என்று எழுதினால் அடுத்த வரியில் 'அவன்' என்று வரும். கதைகளில் எல்லோரையும் அவன் இவன் என்றுதான் எழுதுகிறார்கள். என்னால் முடியவில்லை. அவர் என்னை ஒரு நாளும் 'ங்க' இல்லாமல் கூப்பிட்டதில்லை.

மூன்றாவது தொடக்கம்:

"வெள்ளாட்டுக்கு வால் மேலே தூக்கி நிற்கும். செம்மறிக்குத் தொங்கும்."

இதை வைத்துக்கொண்டேன். கதை உண்மையில் இந்த வாக்கியத்தில்தான் ஆரம்பித்தது. நான் அவரிடம் முதலில் சொன்னது இதைத்தான்.

(* காடு என்றால் புலி உலாவுகிற காடு இல்லை. மழையை நம்பிக் கிடக்கும் எங்கள் மேட்டு நிலத்துக்குப் பெயர் காடு. சோளம் விளையாத வருடத்தில் புல் விளையும்.)

3

பட்டணத்து வாசகர்களுக்கு ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். செம்மறி என்றால் காலண்டர் படத்தில் பஞ்சுப்பொதி மாதிரி நிற்கும் என்று நினைத்திருப்பீர்கள். எங்கள் பக்கத்துச் செம்மறிக்குக் கம்பளி கிடையாது. வெள்ளாட்டுக்கு இருக்கிற மாதிரியே குட்டை மயிர்தான். கொம்பு முளைக்காத குட்டிகளாக, ஒரே கருப்பாக இரண்டை நிறுத்தினால், பழகாதவர்கள் திணறித்தான் போவார்கள். அர்த்தநாரி பழகாதவர். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. பிறந்தது முதல் நூலைத்தான் பார்த்திருக்கிறார்.

எனக்குப் பத்தொன்பது வயது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியிருந்தார்கள். பதினாறு செம்மறி, பத்து வெள்ளாடு என் பொறுப்பு. ஷெட்டில் வேலை செய்தவர்கள் மத்தியானம் எங்கள் வேலியோரத்து வேல மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒரு நாள் அவர் தூக்குப்போசியைக் கழுவி வைத்துவிட்டு வேலி அருகே வந்தார்.

"ஏனுங் அம்மிணி, அது செம்மறிங்களா, வெள்ளாடுங்களா?"

"செம்மறிங்க. வால் தொங்குது பாருங்க."

"அப்ப இதுங்க?"

"இது வெள்ளாடுங்க."

"ரெண்டும் ஒரே கருப்பாத்தான இருக்குதுங்க?"

"உங்களுக்கு இருவதாம் நம்பர் நூலும் முப்பதாம் நம்பர் நூலும் ஒண்ணாவா இருக்குது?"

"அதெப்படிங்க? தொட்டாத் தெரிஞ்சுபோகுமே."

"இது தொடாமயே தெரியுமுங்க."

சிரித்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். மறுநாளும் வந்து அதே கேள்வியைக் கேட்டார். அதற்கு மறுநாளும்.

பதினோரு மாதம் கேட்டார்.

வால் தொங்குவதையே தினமும் சொல்லிக்கொண்டிருந்தால் பேச்சு ஒரு வரியில் முடிந்துவிடும். அதனால் தினமும் ஒரு புது வித்தியாசத்தைத் தேடி வைத்துக்கொண்டு போக ஆரம்பித்தேன். வெள்ளாடு பின்னங்காலில் எழுந்து நின்று தழை தின்னும். செம்மறி குனிந்த தலை நிமிராமல் புல் மேயும். வெள்ளாடு எக்கி நின்று மேலிருந்து முட்டும். செம்மறி பின்னால் போய் ஓடிவந்து முட்டும். உச்சி வெயிலில் செம்மறிகள் ஒன்றின் வயிற்றுக்கடியில் இன்னொன்று தலையைச் செருகிக்கொள்ளும். வெள்ளாடு தனக்கொரு நிழலைத் தானே தேடிக்கொள்ளும். நாலு தூறல் விழுந்தால் வெள்ளாடு கத்திக்கொண்டு ஓடும். செம்மறி நின்ற இடத்தில் நின்று நனையும். வால்கூட ஏமாற்றும், பயந்துபோன வெள்ளாடும் வாலைத் தொங்கவிடும். ஏமாற்றாதது மேலுதடு. செம்மறியின் மேலுதட்டில் நடுவே ஒரு கோடு பள்ளமாக ஓடும். கட்டைவிரலை வைத்தால் தெரியும்.

ஆட்டை இப்படி நான் அதற்கு முன்னால் பார்த்ததே கிடையாது. அவருக்குச் சொல்வதற்காகத்தான் பார்த்தேன்.

சொல்ல ஒன்றும் மிச்சமில்லாமல் போனபோது புளுக ஆரம்பித்தேன். "வெள்ளாடு கெழக்கப் பாத்துத்தானுங்க படுக்கும்." அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அப்படீங்களா?" என்று கேட்டுக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஒரு வெள்ளாடு மேற்கே பார்த்துப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

4

இந்த இடத்தில் என் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஒரு மனிதர் பதினோரு மாதம் கேட்டும் ஆட்டைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் இருப்பாரா? இருக்க மாட்டார். இரண்டாவது வாரமே தெரிந்திருக்கும். தெரிந்தும் கேட்டார் என்றால், ஆட்டைக் கேட்கவில்லை.

ஆனால் பதினோரு மாதமும் ஒரே விஷயத்தைக் கேட்கிறவர்கள் உலகத்தில் உண்டு. எங்கள் பெரியப்பாவுக்குக் கடிகாரம் பார்க்கக் கடைசிவரை வரவில்லை.

ஒரு நாள் முருங்கைத் தழை ஒடித்துக்கொண்டு வந்தார். செம்மறிகளைத் தாண்டிக்கொண்டு போய் வெள்ளாடுகளுக்கு மட்டும் கொடுத்தார். கொடுத்துவிட்டு ஒரு வெள்ளாட்டைக் காட்டி, "இது செம்மறிதானுங்க?" என்றார். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். இப்போது எழுதும்போது தோன்றுகிறது: தழை என்றால் வெள்ளாடுதான் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வரும். முன்னால் வந்ததற்குக் கொடுத்திருப்பார். இது சாட்சி ஆகாது.

கதை எழுதுகிறவளுக்கு ஒரு வசதி உண்டு என்பார்கள். யார் மனதுக்குள்ளும் நுழையலாம். நுழைந்து பார்த்தேன்.

"தெரிந்தேதான் கேட்கிறேன் என்று இவளுக்கு எப்போது புரியும் என்று அர்த்தநாரி நினைத்து" —

அதற்கு மேல் பேனா ஓடவில்லை. அவர் சொல்லாததை அவர் வாயில் வைக்க எனக்கு என்ன உரிமை? அவர் வாய்க்குப் பதில் ஒரு தடவை நான் பேசியதே போதும். அதைத்தான் அடுத்துச் சொல்லப் போகிறேன்.

5

ஷெட் முதலாளி செங்கோட்டையன் தன் மகன் வெள்ளியங்கிரிக்கு என்னைப் பெண் கேட்டார். அய்யன் (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) சரி என்றார். ஆனால் எங்கள் குலத்தில் அதோடு முடியாது. குலசாமி கோயிலில் மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் கருங்கிடாயை நிறுத்திச் சாமியைக் கேட்க வேண்டும். மஞ்சள் தண்ணீரை மூன்று தடவை ஊற்றுவார்கள். கிடாய் உடம்பை உதறித் துலுக்கினால் சாமிக்குச் சம்மதம். துலுக்காவிட்டால் இல்லை.*

(* இது மூடநம்பிக்கை என்று எழுதச் சொல்லி ஒரு பத்திரிகை நண்பர் அறிவுரை கொடுத்தார். எழுதிவிட்டேன். மேலே போகலாம்.)

கிடாய் வாங்க அர்த்தநாரியை அனுப்புவதாக ஏற்பாடு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கிறவர் என்று முதலாளிக்கு நம்பிக்கை. முந்தின நாள் மத்தியானம் வேலிக்கு வந்தார். அன்றைக்கு மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

"நாளைக்குச் சந்தைக்குப் போறனுங்க. உங்க கோயிலுக்குத்தான் கிடாய் வேணுமாமாங்க."

"ஆமாங்க."

"கருப்பா இருந்தாப் போதுமுங்களா?"

நான் சொன்னேன்: "எங்க சாமி செம்மறி வாங்காதுங்க. தெரியாமச் செம்மறியக் கொண்டாந்து நிறுத்திப்போட்டா அந்த வருசம் சாமிகிட்டக் கேள்வியே கிடையாதுங்க. அடுத்த ஆனிக்குத்தானுங்க."

"அப்படீங்களா?" என்றார். கிழக்கே பார்த்துப் படுக்கும் வெள்ளாட்டுக்குச் சொன்ன அதே "அப்படீங்களா".

நான் அதை ஏன் சொன்னேன்? தப்பு நேராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எச்சரித்தேனா? இல்லை, வேறொன்றைக் கேட்டேனா? அவர் மனதுக்குள் நுழைய முடியவில்லை என்று மேலே அலட்டிக்கொண்டேன். என் மனதுக்குள்ளேயே இந்த ஒரு வாக்கியத்தின் வாசலில் நான் நின்றுகொண்டிருக்கிறேன்.

மறுநாள் விடிந்து வெயில் ஏறும் நேரத்தில் அவர் கோயிலுக்கு வந்தார். கையில் கயிறு, கயிற்றில் கருங்குட்டி. கொம்பு இன்னும் முளைக்கவில்லை. ஒரு வெள்ளை மயிர் இல்லை. கோயில் மேட்டில் நின்ற எனக்கு, அவர் வேப்ப மரத்தைத் தாண்டும்போதே தெரிந்துவிட்டது. நடையிலேயே தெரிந்தது.

குட்டிக்கு மாலை போட்டு மஞ்சள் பூசினார்கள். முதலாளியின் அக்கா மாரக்காள்தான் முதலில் சந்தேகப்பட்டாள்.

"இதென்ன, பாத்தாச் செம்மறியாட்ட இருக்குது?"

"வால் தொங்குது" என்றார் ஒருவர். "பயந்துபோச்சுன்னா வெள்ளாடுந்தான் தொங்கப்போடும்" என்றார் இன்னொருவர். செங்கோட்டையன் அர்த்தநாரியின் பக்கம் திரும்பினார்.

"ஏப்பா, செம்மறிய ஓட்டியாந்திருக்கறயா? அப்படி மட்டும் இருந்துதுன்னா, இனி ஷெட்டுப் பக்கமே தலை வெக்காதே. ஆமா."

அர்த்தநாரி கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

பூசாரி அய்யனைப் பார்த்தார். ஆடு விஷயத்தில் அய்யன் சொன்னால் அந்தப் பக்கம் மறுபேச்சு இல்லை. அப்போது அய்யனுக்கு இரண்டு கண்ணிலும் புரை. குனிந்து குட்டியின் முகத்தைத் தடவினார். கட்டைவிரல் மேலுதட்டில் போய் நின்றது. நின்ற விரல் உடனே எடுபடவில்லை. பிறகு நிமிர்ந்து, நான் நின்ற திசையில் முகத்தைத் திருப்பினார்.

"எனக்கு இப்பக் கண்ணுப் பத்தலீங்க. தெனமும் ஆடு பாக்கறவ அவதான். நீயே பாத்துச் சொல்லு கண்ணு. எதுன்னாலும் செரி."

கண் பற்றாதுதான். விரல் பற்றாமல் போகுமா? 'எதுன்னாலும் செரி' என்று அய்யன் வேறு எதற்காகவும் என்னிடம் சொன்னதில்லை. அன்றைக்கு இது உறைக்கவில்லை. அய்யன் போய்ச் சேர்ந்து மூன்று வருடம் கழித்து உறைத்தது.

குட்டி அருகே உட்கார்ந்தேன். கயிற்றின் மறுமுனையில் அர்த்தநாரி. வேலி இல்லாமல் அவரை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்தது அன்றைக்குத்தான். என் விரலையும் உதட்டில் வைத்தேன். கோடு இருந்தது. நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

அந்தப் பார்வையை நான் எழுத வேண்டும். ஏழு தாள் கிழித்தாயிற்று. 'காப்பாற்றுங்க' என்று இருந்தது என்றால் அப்படியும் இருந்தது. 'சொல்லுங்க' என்று இருந்தது என்றால் அப்படியும் இருந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது பயம் மட்டும்தான். அவருக்கு வேலை போய்விடும், இத்தனை பேர் முன்னால் சிரிப்பாய்ச் சிரித்துவிடுவார்கள், இனி மத்தியானம் வேலிக்கு வர முடியாது.

"வெள்ளாடுதானுங்கய்யா" என்றேன்.

அர்த்தநாரி கயிற்றைப் பூசாரியிடம் கொடுத்தார்.

"அம்மிணி சொன்னாச் செரியாத்தானுங்க இருக்கும்."

இதுதான் அவர் என்னைப் பற்றிக் கடைசியாகச் சொன்னது.

தண்ணீர் ஊற்றினார்கள். குட்டி நின்று நனைந்தது. இரண்டாவது தடவையும் ஊற்றினார்கள். தலையைத் தொங்கவிட்டு நின்றது. உதறாதே, உதறாதே என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது குடத்தை மாரக்காள் வாங்கிக் காதுக்குள்ளேயே கவிழ்த்தாள். காதில் தண்ணீர் போனால் எந்தப் பிராணிதான் உதறாது? உதறியது. எல்லோரும் குலவை போட்டார்கள்.

உரிக்கும்போது உண்மை தெரிந்துவிட்டது. சாமி சம்மதம் சொன்ன பிறகு யார் பின்வாங்குவார்கள்? எனக்குக் கல்யாண மயக்கம் என்று சிரித்தார்கள். அர்த்தநாரிக்கு வேறு விதமாகச் சிரித்தார்கள். வாரம் முடிவதற்குள் அவர் பல்லடத்துக்குத் தறி ஓட்டப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். என் பொய் அவரைக் காப்பாற்றக்கூட இல்லை.

6

மாற்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் நான் "செம்மறிங்க" என்கிறேன். மாலையைக் கழற்றுகிறார்கள். கல்யாணப் பேச்சு அடுத்த ஆனிக்குத் தள்ளிப்போகிறது. மறுநாள் மத்தியானம் வேலை போன அர்த்தநாரி ஷெட் பக்கம் வராமல், காட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு வேலிக்கு வருகிறார். வந்து —

வந்து என்ன? அவர் குலம் வேறு, எங்கள் குலம் வேறு. அந்தக் காலத்தில் அது எங்கே போய் முடியும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு வருடம் தள்ளிப்போயிருக்கும். அவ்வளவுதான் கிடைத்திருக்கும். அந்த ஒரு வருடத்து மத்தியானங்கள் எனக்கு வேண்டும். இப்போதும் வேண்டும். முப்பத்திரண்டு வயதில், இரண்டு பிள்ளைகளுக்கு அம்மாவாக இருந்துகொண்டு, வெட்கமில்லாமல் எழுதுகிறேன்: வேண்டும்.

(என் வீட்டுக்காரர் வெள்ளியங்கிரி நல்லவர். நான் எழுதுவதற்கென்று ஜன்னலோரம் மேசை போட்டுக் கொடுத்தவர் அவர்தான். இதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். சொன்னதால் எனக்கு ஒன்றும் லேசாகிவிடவில்லை.)

இரண்டாவது முடிவில் அர்த்தநாரி சிரித்துக்கொண்டே சொல்கிறார்: "எனக்கு நெசமாலுமே தெரியாதுங் அம்மிணி. கருப்பு கருப்புன்னு கருப்பையே பாத்துட்டு —"

இதையும் முடிக்கவில்லை. நான்கு நாள் இந்தத் தாளை மேசைமேல் வைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

7

இதுவரை எழுதிவிட்டு நேற்று கம்பெனிக்குப் போனேன். நஞ்சம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு, சும்மா கேட்கிற மாதிரி, அந்த அர்த்தநாரி இப்போது எங்கே என்று கேட்டேன்.

"எங்க வீதிதானுங்கம்மா, பல்லடத்துல. ரெண்டு தறி சொந்தமா ஓட்டறாரு. நல்ல மனுசனுங்க. அந்தக் கதையச் சொல்லி அவரு முன்னாலயே சிரிப்பாங்க. அவரும் கூடச் சேந்து சிரிப்பாரு."

"அவரு ஒண்ணும் சொல்றதில்லயா?"

"ஒண்ணுஞ் சொல்ல மாட்டாருங்க." நஞ்சம்மாள் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். சிரிப்பு நின்றுபோனது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஏனுங்கம்மா, எதாச்சும் கேக்கோணுமுங்களா? பொழுதோட ஊட்டுக்குப் போறப்பக் கேட்டுப்போட்டு, காலையில வந்து சொல்றனுங்க."

பதின்மூன்று வருடத்துக் கேள்விக்குக் காலையில் பதில் வந்துவிடும். அவ்வளவு சுலபம்.

"வேண்டாம் நஞ்சம்மா" என்றேன்.

வாசகரே, நீங்கள் என்னைக் கோழை என்று சொல்லலாம். ஆனால் கணக்கு இதுதான். அவருக்குத் தெரியும் என்றால், பிழைப்பையும் மானத்தையும் விட்டு அவர் எனக்காக ஒரு கதவைத் திறந்திருக்கிறார். அதை என் வாயாலேயே நான் சாத்தியிருக்கிறேன். தெரியாது என்றால் என்மேல் குற்றம் இல்லை. நான் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் அப்போது அந்தப் பதினோரு மாதமும் இல்லை. வேலியில் நின்றவர் ஆடுகளைத்தான் பார்த்திருக்கிறார்.

இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதப் போவதில்லை. உங்களிடம் விடுகிறேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நான்தான் கெடுத்தேன் என்று சொல்லுங்கள். அந்தப் பழி என்மேல் இருந்துவிட்டுப் போகட்டும், சாகும்வரை சுமந்துகொள்கிறேன். அவருக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.